பொருளாதாரத் தடைகளும் இந்திய விமானப்படையின் நவீனமயமாக்கலும்

1998 மே மாதம் பொக்ரானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளை அடுத்து ஐக்கிய அமெரிக்கா இந்தியாவின் மீது பொருளாதார, தொழில்நுட்பத் தடைகளை விதித்தது. இத்தடைகள் 2001 செப்டம்பர் வரை நீடித்தன. அப்போது இந்திய விமானப்படையின் பெரும்பகுதி மிக்-21 போன்ற பழைய விமானங்களாலேயே ஆனது. அவற்றுக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட உள்நாட்டுப் போர் விமானம் தரையைவிட்டு எழும்பியிருக்கவில்லை. தடைக்கு உள்ளான ஒரு நாடு, தடை நீங்கிய பின்னர் தன் மூப்படைந்த விமானப்படையைப் புதுப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் பொருத்தமான சான்றாகும்.

இந்தியா தன் விமானப்படையைப் பெருமளவு புதுப்பித்தது. ஆனால் எல்லாத் துறைகளிலும் ஒரே அளவில் புதுப்பிக்கவில்லை. தடைக்கு முன்பே ஆய்வுக்கூடமும் ஆட்களும் இருந்த துறைகளில் தடை உள்நாட்டுத் திறனை விரைவுபடுத்தியது. அத்தகைய அடித்தளம் இல்லாத துறைகளில், குறிப்பாக எஞ்சினில், தடை நீங்கியும் சார்பு நீங்கவில்லை.

பின்னணி

விடுதலைக்குப் பின் இந்தியா தானே வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம் எச்.எஃப்-24 மாருத். ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் (எச்.ஏ.எல்.) உருவான இவ்விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டும் நோக்கில் உடற்கூடு வடிவமைக்கப்பட்டிருந்தது. அதற்கேற்ற எஞ்சினாகக் கருதப்பட்ட பிரிட்டனின் ஆர்ஃபியஸ்-12 முழுமையாக உருவாக்கப்படாமல் கைவிடப்பட்டது. எகிப்தில் உருவாகிவந்த ஓர் எஞ்சினைப் பொருத்தும் முயற்சியும் கைகூடவில்லை. கடைசியில் குறைந்த உந்துவிசை கொண்ட ஆர்ஃபியஸ்-703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியே மாருத் படையில் சேர்ந்தது. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் சிறப்பாகப் பணியாற்றியபோதும், தனக்காக வரையப்பட்ட வேகத்தை அது எட்டவே இல்லை. 147 விமானங்களுடன் அதன் உற்பத்தி நின்றது.

1965 போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுத விற்பனையை நிறுத்தியது. பிரிட்டனின் ஹண்டர், நாட், கான்பெரா, பிரான்சின் மிஸ்டேர் எனப் பல நாட்டு விமானங்களை வைத்திருந்த இந்தியாவை அது பெரிதாகப் பாதிக்கவில்லை. முழுக்க அமெரிக்க விமானங்களை நம்பியிருந்த பாகிஸ்தான் விமானப்படை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஒரே கடையில் வாங்குவது ஆபத்து என்ற பாடத்தை இரு நாடுகளும் இதிலிருந்து கற்றன.

இந்தியா 1963இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து மிக்-21 விமானங்களைப் பெறத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரித்தது. உடற்கூடு நாசிக்கிலும் எஞ்சின் ஒடிசாவின் கோராபுட்டிலும் உருவாயின. இவ்வாறு இந்தியா ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு எஞ்சினைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்சி அளித்தது. ஆனால் ஓர் எஞ்சினைப் புதிதாக வரைந்து, சோதித்து, பிழைதிருத்தி எடுக்கும் அறிவு உரிமத்துடன் வரவில்லை. உற்பத்திக்கும் வடிவமைப்புக்கும் இடையிலான இந்த வேறுபாடு பின்னாளில் பெரிதாக வெளிப்பட்டது.

மிக்-21க்கு மாற்றாக ஓர் இலகுரகப் போர் விமானத்தை உள்நாட்டில் உருவாக்கும் திட்டத்துக்கு 1983இல் அரசு ஒப்புதல் அளித்தது. அதை நடத்த 1984இல் வானூர்தி மேம்பாட்டு முகமை பெங்களூரில் நிறுவப்பட்டது. இவ்விமானத்துக்கான காவேரி எஞ்சினை உருவாக்கும் பணி 1989இல் பெங்களூரின் எரிவளிச் சுழலி ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காவேரி தயாராகும் வரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சினைப் பயன்படுத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது. தற்காலிகம் எனக் கருதப்பட்ட அந்த ஏற்பாடு நாற்பதாண்டுகளை நெருங்கியும் தொடர்கிறது.

1998 தடைகள்

1998 மே 11, 13 ஆகிய நாட்களில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அமெரிக்கச் சட்டத்தில் கிளென் திருத்தம் எனப்படும் பிரிவு, அணுகுண்டு சோதிக்கும் நாட்டின் மீது தடைவிதிக்கும்படி குடியரசுத் தலைவரைக் கட்டாயப்படுத்துகிறது. அதன்படி பில் கிளின்டன் மே 13 அன்றே தடைகளை அறிவித்தார். ஆயுத ஏற்றுமதி உரிமங்கள் ரத்தாயின. அமெரிக்க அரசின் கடனுதவிகள் நின்றன. பன்னாட்டு நிதி நிறுவனங்களில் இந்தியாவுக்கான கடன்களை அமெரிக்கா எதிர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவின் பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தித் துறைகளைச் சேர்ந்த ஏராளமான நிறுவனங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஜப்பானும் தன் உதவியை நிறுத்தியது.

தடையின் தாக்கம் நேரடியாக அமெரிக்க ஆயுதங்களோடு நிற்கவில்லை. இந்தியக் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் தயாரானவை. ஆனால் அவை அமெரிக்க வடிவமைப்பை ஒட்டியவை, அமெரிக்க உதிரிபாகங்களைக் கொண்டவை. எனவே பிரிட்டன் விற்ற ஹெலிகாப்டர்களும் உதிரிபாகம் இல்லாமல் முடங்கின. ஓர் ஆயுதம் எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பதைவிட, அதற்குள் இருக்கும் சிறு உறுப்பு எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதே முக்கியம் என்பதை இது உணர்த்தியது.

ரஷ்யா, பிரான்சு, இஸ்ரேல் ஆகிய நாடுகள் இந்தியாவுடனான ஆயுத வணிகத்தைத் தொடர்ந்தன. 1996இல் ஒப்பந்தமான சுகோய்-30 விமானங்களும் மிக்-21 மேம்படுத்தும் திட்டமும் தடைக்காலத்திலும் நிற்கவில்லை. 1999 கார்கில் போரில் பிரான்சின் மிராஜ்-2000 விமானங்களில் இஸ்ரேலின் லைட்டனிங் இலக்குக் காட்டும் கருவியைப் பொருத்தி, ஜூன் 24 அன்று டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டும் குண்டுகள் வீசப்பட்டன. ஆகவே, 1998இல் இந்தியா மீது விதிக்கப்பட்டது உலகளாவிய முற்றுகை அன்று. அது ஒரு பெரிய கடையின் கதவடைப்பு. வேறு கடைகள் திறந்திருந்தன என்பது இந்திய அனுபவத்தை மதிப்பிடும்போது மறக்கக்கூடாத உண்மை.

தேஜஸும் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருளும்

தடையின் அடி நேரடியாக விழுந்தது இலகுரகப் போர் விமானத்தின் மீது. பின்னாளில் தேஜஸ் எனப் பெயர்பெற்ற இவ்விமானத்துக்கு வால்பகுதியில் கிடைமட்டச் சிறகு இல்லை. முக்கோண வடிவிலான இறக்கை மட்டுமே உண்டு. வானில் வேகமாகத் திரும்புவதற்காக, அது இயல்பாகவே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. மனிதக் கையால் மட்டும் அதை நேராக ஓட்ட முடியாது. விமானி கைப்பிடியை அசைக்கும்போது அந்த அசைவு நான்கு தடங்கள் கொண்ட ஒரு கணினிக்குச் செல்கிறது. கணினி நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு இறக்கையின் அசையும் பகுதிகளை இயக்குகிறது. இதற்கான கணிதமே கட்டுப்பாட்டு விதிகள் எனப்படுகிறது. அதில் பிழை நேர்ந்தால் விமானம் சில நொடிகளில் சிதறிவிடும்.

இத்துறையில் இந்தியாவுக்கு முன் அனுபவம் இல்லை. 1992இல் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் தலைமையில் பல நிறுவனங்களின் அறிவியலாளர்களைக் கொண்ட தேசியக் குழு ஒன்று கட்டுப்பாட்டு விதிகளை எழுதத் தொடங்கியது. கணினியையும் மென்பொருளையும் சோதிக்க அமெரிக்காவின் லாக்கீட் மார்ட்டின் நிறுவனம் உதவ ஒப்புக்கொண்டிருந்தது. இந்தியப் பொறியாளர்கள் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகரில் அந்நிறுவனத்துடன் சேர்ந்து பணியாற்றினர். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16 விமானம் ஒன்றில் இவ்விதிகள் பறந்தும் சோதிக்கப்பட்டன.

1998 மே மாதத் தடையுடன் அந்த ஒத்துழைப்பு முறிந்தது. இந்தியப் பொறியாளர்கள் பணியைப் பாதியில் விட்டுத் திரும்பினர். அவர்களது கருவிகளும் ஆவணங்களும் அங்கேயே தங்கிவிட்டன. எஃப்-404 எஞ்சின்களுக்கான தொழில்நுட்ப உதவியும் நின்றது. முன்னரே வாங்கி வைத்திருந்த எஞ்சின்களை மட்டும் கொண்டு சமாளிக்க வேண்டியதாயிற்று.

எஞ்சிய வேலை பெங்களூரில் நடந்தது. விமானத்தின் கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தையும் தரையில் அப்படியே பொருத்தி இயக்கிப் பார்க்கும் "இரும்புப் பறவை" எனும் சோதனைச் சட்டகத்தில் மென்பொருள் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் மாதிரி விமானத்தை பெங்களூரில் 18 நிமிடங்கள் பறக்கவிட்டுப் பாதுகாப்பாகத் தரையிறக்கினார். அமெரிக்கத் தடை அப்போதும் நடைமுறையில் இருந்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, தாமதம் முழுவதையும் தடையின் மீது சுமத்த இயலாது. முதல் மாதிரி 1995 நவம்பர் 17 அன்றே கூடத்திலிருந்து வெளிக்கொணரப்பட்டது. தடைக்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளிலும் அது பறக்கவில்லை. இரண்டாவது, தடை வந்தபோது கட்டுப்பாட்டு விதிக் குழுவுக்கு ஆறு ஆண்டு அனுபவம் இருந்தது. விதிகளை எழுதிய மூளைகள் பெங்களூரில் இருந்தன. பிங்கம்டனில் விட்டுவந்தவற்றை அவர்களால் மீண்டும் உருவாக்க முடிந்தது அதனால்தான்.

அம்மென்பொருளின் தரத்துக்குக் காலமே சான்றளித்தது. 2001இல் தொடங்கிய பறத்தல்களில், 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே நேர்ந்த முதல் விபத்து வரை 23 ஆண்டுகள் ஒரு தேஜஸ் கூட வீழவில்லை. சோதனைக் கட்டத்திலேயே பல மாதிரிகளை இழந்த வெளிநாட்டுப் போர் விமானங்கள் பல உண்டு.

காவேரி எஞ்சின்

அதே பெங்களூரில், அதே காலத்தில் காவேரி எஞ்சினின் கதை வேறு விதமாகச் சென்றது. போர் விமான எஞ்சினின் சுழலித் தகடுகள், அவை செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிடச் சூடான வாயுவின் நடுவே நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. தகட்டுக்குள் மெல்லிய காற்றுக் குழாய்களை அமைத்துக் குளிர்வித்தும், ஒரே படிகமாக உலோகத்தை வார்த்தும் மட்டுமே அவற்றைத் தாங்கவைக்க முடியும். இந்த வார்ப்புக் கலையை அறிந்த நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை அதை நட்பு நாடுகளுக்கும் எளிதில் விற்பதில்லை.

காவேரி திட்டமிட்ட உந்துவிசையை எட்டவில்லை. எடையும் கூடுதலாயிற்று. மிக உயரத்தில் பறக்கும் நிலையை ஒத்த சூழலில் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் வசதி இந்தியாவில் இல்லை. அதனால் எஞ்சினை ரஷ்யாவுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டியிருந்தது. 2010 நவம்பரில் மாஸ்கோ அருகே ஐ.எல்-76 விமானம் ஒன்றில் பொருத்தி அதைப் பறக்கவிட்டுப் பார்த்தனர். அதற்கு முன்பே, 2008இல், காவேரி தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. பின்னெரி இல்லாத அதன் வடிவம் இப்போது ஆளில்லா விமானத்துக்கென மேம்படுத்தப்பட்டு வருகிறது.

காவேரிக்குத் தடை உதவவும் இல்லை, தடை மட்டுமே அதைக் கெடுக்கவும் இல்லை. கட்டுப்பாட்டு விதிகளுக்குத் தேவைப்பட்டவை கணிதமும் கணினியும் பயிற்சி பெற்ற பொறியாளர்களும். அவை இந்தியாவில் இருந்தன. எஞ்சினுக்குத் தேவைப்பட்டவை சிறப்பு உலோகக் கலவைகள், வார்ப்பு உலைகள், சோதனைக் கூடங்கள், அவற்றில் பல தலைமுறைகளாகச் சேர்ந்த தோல்விப் பதிவுகள். அவற்றை மூன்று ஆண்டு நெருக்கடியில் உருவாக்க முடியாது.

மகேந்திரகிரி: ஓர் ஒப்பீடு

எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தடையின் நடுவே கற்கவே முடியாது என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அதற்கு மாற்றுச் சான்று உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1991இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்துடன் கிரையோஜெனிக் எஞ்சினுக்கும் அதன் தொழில்நுட்பத்துக்கும் ஒப்பந்தம் செய்தது. 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் தடைவிதித்தது. ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, தயாரான எஞ்சின் அடுக்குகளை மட்டும் வழங்கியது.

அதன் பின் உள்நாட்டு எஞ்சின் முயற்சி தொடங்கியது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ஏற்கெனவே இருந்த ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையமே அதன் அடித்தளம். 2010 ஏப்ரல் 15இல் உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினுடன் சென்ற முதல் ஜி.எஸ்.எல்.வி. தோற்றது. 2014 ஜனவரி 5இல் அடுத்த முயற்சி வென்றது. தடை விதிக்கப்பட்ட நாளிலிருந்து வெற்றி வரை கடந்தவை ஏறத்தாழ 22 ஆண்டுகள். சோதனை நிலையமும், தொடர்ந்த நிதியும், தோல்வியைத் தாங்கும் பொறுமையும் ஒருசேர இருந்த இடத்தில் தடையை வெல்ல முடிந்தது. ராக்கெட் எஞ்சின் சில நிமிடங்கள் எரிந்தால் போதும், போர் விமான எஞ்சினோ ஆயிரக்கணக்கான மணிநேரம் உழைக்க வேண்டும் என்ற வேறுபாட்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தடை நீங்கிய பின்னர்

2001 செப்டம்பர் 22 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இந்தியா, பாகிஸ்தான் இரண்டின் மீதான அணுச்சோதனைத் தடைகளை விலக்கினார். ஆனால் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த நிறுவனங்கள் படிப்படியாகவே நீக்கப்பட்டன. பாதுகாப்பு ஆராய்ச்சி, விண்வெளித் துறைகளின் நிறுவனங்கள் 2011 ஜனவரியில்தான் அதிலிருந்து வெளிவந்தன. இடையில் 2005இல் இரு நாடுகளும் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. 2008இல் அணுசக்தி ஒப்பந்தம் நிறைவேறியது.

அதன் பிறகு நடந்த கொள்முதல்கள் விரைவானவை. சி-130ஜே சரக்கு விமானங்கள் 2011இலும், சி-17 கனரகச் சரக்கு விமானங்கள் 2013இலும் வரத் தொடங்கின. 2019இல் அப்பாச்சி, சினூக் ஹெலிகாப்டர்கள் படையில் சேர்ந்தன. எனினும் இந்தியா அமெரிக்கப் போர் விமானம் ஒன்றையும் இதுவரை வாங்கவில்லை. முன்னணிச் சண்டைப் பணிக்கு ரஷ்யாவின் சுகோய்-30, பிரான்சின் ரஃபேல் ஆகியவற்றையே தேர்ந்தெடுத்தது. 272 சுகோய் விமானங்கள் ஒப்பந்தமாயின. அவற்றில் பெரும்பாலானவை நாசிக்கில் உருவாயின. 36 ரஃபேல் விமானங்களுக்கு 2016இல் ஒப்பந்தமாகி, முதல் ஐந்து 2020 ஜூலை 29 அன்று அம்பாலாவில் இறங்கின. இரு நாடுகளும் 1998இல் கதவை அடைக்காதவை. அந்த நினைவு இந்தத் தேர்வுகளின் பின்னணியில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் தடங்கள்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை ஆவடி, அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி மலையடிவாரத்து ஜோலார்பேட்டையை அடைகிறது. அங்கே அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று பெங்களூருக்கும் மற்றொன்று சேலம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் போகிறது. மேலே சொன்ன வரலாற்றின் பல கூறுகளை இந்தப் பாதையிலேயே காணலாம்.

ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் பீரங்கி வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. தேஜஸ் விமானத்தின் துணைப் பற்சக்கரப் பெட்டியை வடிவமைத்ததும் அதுவே. எஞ்சினின் சுழற்சியை வாங்கி மின்னாக்கியையும் நீரியல் பம்புகளையும் ஓட்டும் உறுப்பு இது. எஞ்சின் அமெரிக்காவுடையது, அதனோடு இணையும் பற்சக்கரப் பெட்டி ஆவடியுடையது என்பதே தேஜஸின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லும்.

2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்டது. சோவியத் தயாரிப்பான டி.யு-142 கடல்கண்காணிப்பு விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 2013 மே மாதம் அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தின் பி-8ஐ முதல் விமானம் இங்கு வந்து சேர்ந்தது. டி.யு-142 விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று இதே தளத்தில் விடைபெற்றன. ஒரு காலத்தில் சீ கிங் உதிரிபாகத்தைத் தர மறுத்த நாடு, பதினைந்து ஆண்டுகளில் தன் கடற்படை பயன்படுத்தும் நீர்மூழ்கி வேட்டை விமானத்தையே விற்றது. தடைநீக்கம் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதற்கு அரக்கோணம் ஒரு சான்று.

கோயம்புத்தூர் அருகேயுள்ள சூலூர் விமானப்படைத் தளம் தேஜஸ் விமானங்களின் இல்லம். 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் இரண்டே விமானங்களுடன் தேஜஸ் படையணியாகத் தொடங்கிய 45ஆம் அணி 2018இல் இங்கு இடம்பெயர்ந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் அணி இங்கேயே இரண்டாவது தேஜஸ் அணியாயிற்று. இப்பாதையில் சேராத தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 அணி ஒன்று நிலைகொண்டுள்ளது.

பாதையின் நடுவே ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் தொழிலும் வெளிநாட்டுத் தடை ஒன்றை எதிர்கொண்ட அனுபவம் உடையது. 1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் எனும் வேதிப்பொருளைத் தடைசெய்தது. 1990களில் சில அசோ சாயங்களும் அவ்வாறே தடைசெய்யப்பட்டன. ஏற்றுமதியை நம்பிய தோல் மண்டிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இது பேரிடியாக இருந்தது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் மாற்று வேதிப்பொருள்களுக்கு மாறித் தொழில் தப்பியது. போர் விமானமும் தோலும் ஒன்றல்ல, இரு தடைகளின் நோக்கமும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பொது விதி இரண்டிலும் தெரிகிறது. இக்கட்டு வரும்போது கைகொடுத்தது, இக்கட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே நிறுவப்பட்ட ஆய்வகம்.

எஞ்சினுக்கான காத்திருப்பு

2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறத்தாழ ரூ. 48,000 கோடி மதிப்பில் எச்.ஏ.எல். நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 99 எஃப்-404 எஞ்சின்களுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் ஆணை தரப்பட்டது. முதல் விமானம் 2024 தொடக்கத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் நின்றுபோயிருந்த எஞ்சின் உற்பத்தி வரிசையை மீண்டும் இயக்குவதிலும் உதிரிபாக விநியோகத்திலும் ஏற்பட்ட சிக்கலால், முதல் எஞ்சினே 2025 மார்ச்சில்தான் ஒப்படைக்கப்பட்டது. விமானத்தின் சொந்தச் சோதனைகளும் காலம் எடுத்துக்கொண்டன. கட்டிமுடித்த உடற்கூடுகள் எஞ்சினை எதிர்நோக்கி நின்றன.

இந்தக் காத்திருப்பின்போது இந்தியா மீது எந்தத் தடையும் இல்லை. இரு நாட்டு உறவும் சுமுகமாக இருந்த ஆண்டுகளே அவை. நட்பு நாட்டின் தொழிற்சாலைத் தாமதமும் பகை நாட்டின் தடையும் கூடத்தில் நிற்கும் விமானத்துக்கு ஒரே விளைவைத்தான் தருகின்றன.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்கள் 62 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வுபெற்றன. அத்துடன் விமானப்படையின் போர் விமான அணிகள் 29ஆகக் குறைந்தன. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. அதற்கு முந்தைய நாள் மேலும் 97 மார்க்-1ஏ விமானங்களுக்கு ரூ. 62,370 கோடி மதிப்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த தலைமுறை விமானங்களுக்காக ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-414 எஞ்சினை இந்தியாவில் தயாரிக்க 2023இல் உடன்பாடு எட்டப்பட்டது. பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து புதிய எஞ்சினை உருவாக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது.

தடையின் வடிவமும் மாறியுள்ளது. ரஷ்யாவிடம் பெரிய ஆயுதம் வாங்கும் நாடுகள் மீது தடைவிதிக்கும் சட்டத்தை அமெரிக்கா 2017இல் இயற்றியது. எஸ்-400 ஏவுகணை வாங்கிய துருக்கி எஃப்-35 திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, 2020இல் தடைக்கும் உள்ளானது. அதே ஏவுகணையை வாங்கிய இந்தியா மீது அச்சட்டம் பாயவில்லை. 2022 முதல் ரஷ்யா மீதான தடைகளும் உக்ரைன் போரும் இந்தியாவுக்கான ரஷ்ய வழங்கல்களைத் தாமதப்படுத்தின. தான் தடையிலிருந்து விடுபட்டாலும், தனக்கு விற்பவர் தடைக்கு உள்ளானால் வாங்குபவரும் பாதிக்கப்படுகிறார்.

பிற நாடுகளின் அனுபவம்

1990இல் பிரெஸ்லர் திருத்தத்தின்படி பாகிஸ்தானுக்கான 28 எஃப்-16 விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பாகிஸ்தான் சீனாவுடன் சேர்ந்து ஜே.எஃப்-17 விமானத்தை உருவாக்கி 2007இல் படையில் சேர்த்தது. அதன் எஞ்சின் ரஷ்யாவுடையது. விற்பனையாளரை மாற்றியதால் விமானப்படை புதுப்பிக்கப்பட்டது, சார்பு இடம்மாறியது.

ஈரான் இதற்கு மறுமுனை. 1979 புரட்சிக்கு முன் பெற்ற எஃப்-14 விமானங்களைப் பல பத்தாண்டுகள் உதிரிபாகமின்றிப் பாதுகாத்துப் பறக்கவிட்டது வியக்கத்தக்க திறன். ஐ.நா.வின் ஆயுதத் தடை 2020 அக்டோபரில் காலாவதியான பின்னும் அந்நாடு பெற்றவை ரஷ்யாவின் யாக்-130 பயிற்சி விமானங்கள் போன்ற சிலவே. 2025 செப்டம்பரில் ஐ.நா. தடைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பராமரிக்கும் திறன் வேறு, புதுப்பிக்கும் திறன் வேறு என்பதை ஈரானின் நிலை காட்டுகிறது.

மதிப்பீடு

தடை நீங்கிய நாடு தன் விமானப்படையைப் புதுப்பிக்க முடியும் என்பதை இந்தியா மெய்ப்பித்துள்ளது. அதற்கு மூன்று சூழல்கள் துணைநின்றன. தடைக்காலத்திலும் ரஷ்யா, பிரான்சு, இஸ்ரேல் ஆகியவை விற்றன. தடை மூன்றாண்டில் முடிந்தது. அதன் பின் வளர்ந்த பொருளாதாரம் விலைகொடுக்கப் போதுமானதாக இருந்தது. இம்மூன்றும் வாய்க்காத நாட்டுக்கு இந்தியாவின் பாதை அப்படியே பொருந்தாது.

தடையே தற்சார்பைத் தந்தது என்ற பரவலான கருத்தைத் திருத்தவும் இவ்வரலாறு இடமளிக்கிறது. 1998இல் பறத்தல் கட்டுப்பாடு, காவேரி எஞ்சின் இரண்டும் ஒரே தடையைச் சந்தித்தன. முன்னது வென்றது, பின்னது தேங்கியது. தடை ஒன்றே என்பதால் வேறுபாட்டுக்குக் காரணம் தடை ஆகாது. தடைக்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே ஆய்வகமும் சோதனை வசதியும் மனிதர்களும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தனவோ, அங்கே வெற்றி கிடைத்தது. மாருத் விமானம் தகுந்த எஞ்சினின்றித் தவித்த 1961இலிருந்து மார்க்-1ஏ எஞ்சினுக்காகக் காத்திருந்த 2025 வரை ஒரே குறை மீண்டும் மீண்டும் தென்படுகிறது. அது எந்த வெளிநாட்டுத் தலைவரின் கையெழுத்தாலும் வந்ததன்று. எந்தக் கையெழுத்தாலும் நீங்கப்போவதும் இல்லை. உலோக வார்ப்பிலும் உயர்நிலைச் சோதனைக் கூடங்களிலும் இன்று செலவிடப்படும் பணமும் பொறுமையும்தான் அடுத்த நெருக்கடி வரும் நாளில் விமானங்கள் பறக்குமா, கூடத்தில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும்.